குப்பை மின்னஞ்சல் மன்னன் வெளியே வந்த பிறகு



பள்ளி விடுமுறையின் இரண்டாம் நாள். விடைத்தாள்கள் திருத்தி முடிந்துவிட்டபடியால் என் மின்னஞ்சல் பெட்டியைத் துப்புரவு செய்யலாம் என்று உட்கார்ந்தேன். வேண்டாதவை ஒதுங்கிக் கிடக்கும் பகுதியைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் குவிந்திருந்தன. எவரோ எனக்காகப் பெரும் பரிசுத்தொகை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாராம். நான் கணக்கே வைத்திராத வங்கி ஒன்று என் கணக்கை முடக்கிவிட்டதாம். சிரித்துக்கொண்டே அழித்தேன். அழித்துக்கொண்டிருக்கும்போதே ஓர் எண்ணம் எழுந்தது. இவற்றை அனுப்புகிறவர் யார்? அவருக்கும் ஒரு வீடு இருக்கும், தாயார் இருப்பார். ஒரு காலத்தில் அவரும் ஏதோ ஒரு பள்ளியில் யாரோ ஓர் ஆசிரியரின் முன்னால் உட்கார்ந்திருப்பார் அல்லவா?

இக்குப்பைக்குத் தமிழில் 'எரிதம்' என்ற சொல்லை ஆக்கியிருக்கிறார்கள். நல்ல சொல்தான். ஆயினும் என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குப்பை மின்னஞ்சல் என்றால்தான் உடனே விளங்குகிறது. இங்கும் அவ்வாறே எழுதுகிறேன்.

அன்று தொடங்கி விடுமுறை முழுவதும் இதைப் பற்றியே தேடித் தேடிப் படித்தேன். வேலையற்ற வேலை என்று என் கணவர் சொன்னார். குற்றம் எப்படி நடந்தது என்பதைவிடத் தண்டனை முடிந்து வெளியே வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதே என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது. அதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2007-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ராபர்ட் சொலோவே என்பவர் கைது செய்யப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 27. அரசு வழக்கறிஞர்கள் அவரைக் 'குப்பை மின்னஞ்சல் மன்னன்' என்று குறிப்பிட்டனர். நாளேடுகளும் அப்பட்டத்தைத் தலைப்பாக்கின. அவருக்கு முன்னும் பின்னும் வேறு சிலருக்கும் இதே பட்டம் சூட்டப்பட்டிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரே பட்டம், பல தலைகள்.

அவருடைய தொழில் இதுதான். "உங்கள் விளம்பரத்தை மில்லியன் கணக்கான முகவரிகளுக்கு அனுப்பித் தருகிறேன். அவர்கள் அனைவரும் விளம்பரம் பெறுவதற்கு இசைவு தந்தவர்கள்" என்று சிறு வணிகர்களிடம் சொல்லி, ஏறத்தாழ 500 டாலருக்குத் தம் சேவையை விற்றார். இசைவு தந்தவர்கள் என்பது பொய். பணம் கட்டிய வணிகருக்கு வாடிக்கையாளர் வருவதற்குப் பதிலாக வசவு மின்னஞ்சல்கள் வந்தன. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கும் நல்ல பதில் கிடைக்கவில்லை.

ஆனால் குற்றத்தின் மையம் அதுவன்று. நாம் நான்காம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அலுவல் கடிதம் கற்பிக்கிறோம். அனுப்புநர், பெறுநர் என்று இரண்டு முகவரிகளையும் எழுதச் சொல்கிறோம். "அனுப்புநர் முகவரி எதற்கு டீச்சர்? கடிதம் போய்ச் சேர்ந்தால் போதாதா?" என்று ஆண்டுதோறும் ஒரு பிள்ளையாவது கேட்கும். நான் இனிமேல் சொல்லப்போகும் விடை இதுதான். மில்லியன் கணக்கான கடிதங்களின் பின்புறத்தில் யாரோ ஒருவருடைய முகவரியை அனுப்புநர் என்று எழுதி ஒருவர் அஞ்சலில் சேர்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். போய்ச் சேராத கடிதங்களெல்லாம் எங்கே திரும்பும்? அந்த அப்பாவியின் வீட்டுக்குத் திரும்பும். கோபம் கொண்டவர்கள் யாரைத் திட்டுவார்கள்? அந்த அப்பாவியைத்தான் திட்டுவார்கள். மின்னஞ்சலிலும் அப்படியே. தன் பெயரில் யாரோ குப்பை அனுப்பியதால் ஒருவருடைய முகவரி தடைப்பட்டியலில் ஏறிவிடும். பிறகு அவர் தம் வாடிக்கையாளருக்கு எழுதும் உண்மையான மின்னஞ்சலும் போய்ச் சேராது.

அமெரிக்காவில் 2004 சனவரி முதல் நாளன்று நடப்புக்கு வந்த சட்டமும் இதனைத்தான் குற்றம் என்கிறது. விளம்பர மின்னஞ்சல் அனுப்புவதையே அச்சட்டம் தடுக்கவில்லை. தன் பெயரை மறைத்து, பொய்யான அனுப்புநர் விவரத்தோடு பெருமளவில் அனுப்பினால் சிறை. அதாவது, தன் பெயரில் செய்யத் துணியாததைப் பிறர் பெயரில் செய்தல். சொலோவேயின் குற்றப்பத்திரிகையில் அடையாளத் திருட்டு என்ற குற்றச்சாட்டும் இருந்தது.

சிறைக்குப் போவதற்கு முன்பே நீதிமன்றங்கள் அவர்மேல் தீர்ப்பு எழுதியிருந்தன. 2005-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தொடுத்த வழக்கில் 7.8 மில்லியன் டாலர் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பானது. அதே ஆண்டில் ஒக்லஹோமா மாநிலத்தில் சிறிய இணையச் சேவை நிறுவனம் ஒன்றை நடத்தி வந்தவர் தொடுத்த வழக்கில் 10 மில்லியன் டாலருக்கு மேல். அப்பெருந்தீர்ப்புகளுக்குப் பின்னரும் மின்னஞ்சல்கள் நிற்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை எச்சரித்தும் கேட்காதவர். இரண்டாம் முறையும் கேட்காதவர். கட்டொழுங்கு ஆசிரியையாக இருந்த எனக்கு இந்த வகை நன்றாகத் தெரியும்.

வழக்கு விசாரணை தொடங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், 2008 மார்ச்சு மாதத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நாற்பது குற்றச்சாட்டுகளில் மூன்று மட்டும் எஞ்சின. அஞ்சல் வழி மோசடி, மின்னஞ்சல் தொடர்பான மோசடி, 2005-ஆம் ஆண்டுக்கான வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாமை ஆகியவை அவை. 2008 சூலை 22-ஆம் நாள் சியாட்டில் நீதிமன்றத்தில் அவருக்கு 47 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அதே வாரத்தில் நடந்த மற்றொன்றையும் சொல்லாமல் போக இயலவில்லை. கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த எட்டி டேவிட்சன் என்பவரும் இதே பட்டத்தைச் சுமந்தவர்தாம். பொய்யான அனுப்புநர் விவரங்களோடு மின்னஞ்சல் அனுப்பியதற்கும் வரி ஏய்ப்புக்குமாக அவருக்குக் கிடைத்தது 21 மாதம் மட்டுமே. காவல் குறைந்த ஒரு சிறை முகாமில் இருந்தார். சூலை 20-ஆம் நாள் அங்கிருந்து தப்பினார். நான்கு நாள் கழித்து, தம் மனைவியையும் மூன்று வயது மகளையும் கொன்று தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். இன்னும் ஓராண்டும் சில மாதங்களும் பொறுத்திருந்தால் வாயில் வழியாகவே வெளியே வந்திருக்கலாம். அவர் மனத்தில் என்ன ஓடியது என்பதை ஊகித்து எழுத எனக்கு உரிமையில்லை. அந்தக் குழந்தை எந்த மின்னஞ்சலையும் அனுப்பவில்லை. இதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

சொலோவே தண்டனையை முடித்து 2011-இல் வெளியே வந்தார்.

நம்மில் பலர் விடுதலை என்றால் கதவு திறந்தது, கணக்கு முடிந்தது என்று எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அமெரிக்க மத்தியச் சிறையிலிருந்து வெளிவருகிறவருக்குப் பெரும்பாலும் கண்காணிப்புக் காலம் என்று ஒன்று காத்திருக்கிறது. வெளியே வந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அதிகாரியிடம் நேரில் போய் நிற்க வேண்டும். அவர் எப்பொழுது வேண்டுமானாலும் வீட்டுக்கு வருவார். கதவைத் திறக்க வேண்டும். அனுமதியின்றி அந்த நீதிமன்ற எல்லையைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போகக் கூடாது. வாரத்துக்குக் குறைந்தது 30 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். வேலை இல்லையென்றால் வேலை தேடிக்கொண்டிருக்க வேண்டும். சொலோவேக்கு இக்காலம் மூன்று ஆண்டு. அவருடைய மின்னஞ்சல்களும் அவர் பார்க்கும் இணையப் பக்கங்களும் அந்த மூன்றாண்டும் கண்காணிக்கப்படும் என்பது நிபந்தனை.

எண்ணிப் பாருங்கள். பெயரை மறைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் எழுதியவர் அவர். இப்பொழுது தம் சொந்தப் பெயரில் தம் நண்பருக்கு நாலு வரி எழுதினாலும் அதனை மூன்றாமவர் ஒருவர் படிக்கலாம். தண்டனை என்ற முறையில் இது பொருத்தமானது என்று ஒரு மனம் சொல்கிறது. நியாயமும்கூட. ஆனால் நான் தாய்க்கு மட்டும் எழுத விரும்பிய சில கடிதங்கள் நினைவுக்கு வந்தன. பயிற்சிக் கல்லூரி விடுதியில் இருந்து, வீட்டு ஏக்கத்தில் அழுதுகொண்டே எழுதியவை. அவற்றை விடுதிக் காப்பாளர் பிரித்துப் படித்திருந்தால் நான் எழுதியிருப்பேனா?

அடுத்தது கடன். ஏறத்தாழ 7 இலட்சம் டாலர் இழப்பீடு கட்ட வேண்டும் என்று குற்றவியல் தீர்ப்பிலும் இருந்தது. முன்பு சொன்ன பெருந்தீர்ப்புகள் வேறு. மணிக்கூலிக்கு உழைக்கும் ஒருவர் இவ்வளவு தொகையை எத்தனை பிறவியில் கட்டி முடிப்பார் என்று ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் ஒரு கேள்வி வைக்கலாம். அதற்காகக் கடனைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏமாந்த வணிகர்கள் கொடுத்தது உண்மையான பணம். கட்ட முடியாத தொகை என்பது தெரிந்தே எழுதப்படும்போது, அது கடனா அல்லது வேறு பெயரில் ஓர் ஆயுள் தண்டனையா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

மூன்றாவதாக வேலை. வேலைக்கான விண்ணப்பப் படிவத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும். 'நீங்கள் குற்றத் தீர்ப்புப் பெற்றவரா?' ஆம் என்று குறியிட்டால் படிவம் அப்படியே குப்பைத் தொட்டிக்குப் போகும்; இல்லை என்று குறியிட்டால் அது புதிய பொய். அமெரிக்காவில் இக்கட்டத்தை நீக்க வேண்டும் என்று நெடுநாளாக ஓர் இயக்கம் நடந்து வருகிறது. 1998-இல் ஹவாய் மாநிலம் முதலில் சட்டம் செய்தது. முதலில் ஆளைப் பார், தகுதியைப் பார், பிறகு பழங்கதையைக் கேள் என்பதுதான் அதன் சாரம். சியாட்டில் நகரில் அத்தகைய சட்டம் 2013-இல்தான் நடப்புக்கு வந்தது. சொலோவே வெளிவந்தபோது அது இல்லை. இருந்திருந்தாலும் என்ன பயன்? அவருடைய பெயரை இணையத்தில் தட்டினால் போதும். கட்டத்தில் குறியிட வேண்டிய தேவையே இல்லை. உலகம் ஏற்கெனவே குறியிட்டு வைத்திருக்கிறது.

பிறர் பெயரை எடுத்து அனுப்புநர் இடத்தில் எழுதிப் பிழைத்தவருக்கு, இறுதியில் கழற்ற முடியாமல் போனது தம் சொந்தப் பெயர்தான். இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கணினியையே தொடக்கூடாது என்று சொல்லப்பட்டவர்களும் உண்டு. சான்போர்ட் வாலஸ் என்பவர் 1990-களிலேயே இத்தொழிலுக்குப் பேர்போனவர். பேஸ்புக் பயனர்களின் கணக்குகள் வழியாகக் குப்பைச் செய்திகள் அனுப்பிய வழக்கில் 2016-இல் 30 மாதச் சிறை. விடுதலைக்குப் பிறகும் அதிகாரியின் அனுமதியில்லாமல் கணினி வைத்திருக்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று நீதிபதி ஆணையிட்டார். அவரிடம் நீதிமன்றம் முன்னரே பேஸ்புக் பக்கம் போகாதே என்று சொல்லியிருந்தது. அவரோ வானூர்தியில் பறந்துகொண்டிருக்கும்போது அதில் நுழைந்தார். வகுப்பில் சில பிள்ளைகள் இப்படித்தான். 'தொடாதே' என்று சொன்ன மறுகணம் விரல் அங்கே இருக்கும். அதனால்தான் இத்தகைய தடைகளை நான் முற்றாக மறுக்க மாட்டேன்.

ஆயினும் மறுபக்கத்துக்கும் ஆள் இருக்கிறார். கெவின் மிட்னிக் குப்பை மின்னஞ்சல் அனுப்பியவர் அல்லர். நிறுவனங்களின் கணினிகளுக்குள் ஊடுருவியவர். ஏறத்தாழ ஐந்தாண்டு சிறையில் இருந்து 2000 சனவரியில் வெளியே வந்தார். மேலும் மூன்றாண்டு, 2003 சனவரி வரை, இணையத்தைப் பயன்படுத்த அவருக்குத் தடை. தடை நீங்கிய பிறகு, எந்த நிறுவனங்கள் அவரைக் கண்டு அஞ்சினவோ அத்தகைய நிறுவனங்களே தங்கள் கணினிகளின் ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொல்லுமாறு அவருக்குக் கட்டணம் கொடுத்து அழைத்தன. 2023-இல் மறையும் வரை அதுவே அவர் தொழில். பூட்டை உடைக்கத் தெரிந்தவரைப் பூட்டைச் சோதிக்க வைத்தார்கள். அவருக்கு இருந்த திறமைக்கு அப்படியொரு நேர்வழி வாய்த்தது. மில்லியன் பேருக்குக் குப்பை அனுப்பும் திறமைக்கு அத்தகைய நேர்வழி என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை.

இனி என் சொந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

2010-ஆம் ஆண்டு நான் ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியையாக இருந்தேன். ஓய்வு நேரத்தில் என் கைத்தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு ஆசிரியர் அறைக்குப் போய்விட்டேன். அது என் தவறு. வகுப்பில் ஒரு பையன், மிகுந்த சூட்டிகை, அதனை எடுத்து என் பெயரிலேயே பெற்றோர்கள் அனைவருக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டான். நாளை பள்ளி விடுமுறை, அவ்வளவுதான் செய்தி. மறுநாள் 31 பேர் படிக்கும் வகுப்பில் 9 பேர் உட்கார்ந்திருந்தனர். அனுப்புநர் நான். தலைமையாசிரியர் அனைவர் முன்னிலையிலும் என்னைத்தான் கடிந்துகொண்டார். தொழிற்சாலையில் நாட்கூலிக்கு வேலை செய்த ஒரு தாயார், பிள்ளையை விட்டுச் செல்ல ஆளில்லாமல் அன்றைய வேலைக்குப் போகவில்லை. இரண்டு நாள் கழித்துப் பள்ளி வாயிலில் என்னிடம் வந்து அழுதார். பள்ளியிலிருந்து செய்தி வந்தது என்று சொன்னதை மேற்பார்வையாளர் நம்பவில்லையாம்.

பையன் பிடிபட்டான் என்றுதான் இத்தனை நாளும் சொல்லி வந்திருக்கிறேன். உண்மையில் அவன் பிடிபடவில்லை. அன்று பிற்பகல் நான் வகுப்பில் கேட்டவுடன் அவனே எழுந்து நின்றான். தண்டனை கிடைத்தது. தலைமையாசிரியர் அறையில் பிரம்படி. கட்டொழுங்குப் பதிவேட்டில் பெயர். அவன் தந்தை வந்து தலைகுனிந்து நின்றார். ஆண்டிறுதியில் அவன் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டான்.

நான்தான் அவனை விடவில்லை. அடுத்த ஆண்டு, புதிய வகுப்பில், கைத்தொலைபேசி ஒழுங்கு பற்றிப் பேசும்போது இந்தக் கதையைப் பெயரோடு சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்ல பாடம் நடத்திய நிறைவு எனக்கு. அதற்கடுத்த ஆண்டும் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை மெருகேறியது. அவன் தானாக எழுந்து நின்ற பகுதி மட்டும் எங்கோ உதிர்ந்துவிட்டது. அதைச் சொன்னால் கதையின் விறுவிறுப்புக் குறையும் என்று எனக்கே தெரியாமல் என் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. தண்டனை செயலைச் சுட்ட வேண்டும், பிள்ளையைச் சுட்டக்கூடாது என்று பயிற்சிக் கல்லூரித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான்.

2014-இல் ஐந்தாம் ஆண்டு நன்னெறிக் கல்விப் பாடத்தில் வழக்கம்போல் கதையைச் சொன்னேன். வழக்கம்போல் சிரிப்பு. மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி மட்டும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணியடித்து எல்லாரும் போன பிறகு மேசையருகில் வந்து நின்றாள்.

"டீச்சர், அண்ணனுக்கு இப்போ பதினாறு வயசு."

வேறொன்றும் சொல்லவில்லை. கோபமும் இல்லை. எனக்குத் தெரியாத தகவல் ஒன்றைத் தெரிவிப்பதுபோல் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு சிற்றுண்டிச்சாலைப் பக்கம் போய்விட்டாள். அவள் அவனுடைய தங்கை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வருகைப் பதிவேட்டில் தந்தையின் பெயரை நாள்தோறும் பார்க்கிறேன். கதை சொல்லும் ஆசையில் மறந்திருந்தேன். எனக்கு அவன் நான்கு ஆண்டுகளாகப் பன்னிரண்டு வயதிலேயே நின்றிருந்தான்.

அன்றோடு அக்கதையை நிறுத்தினேன். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. மறுநாள் அவளைக் கரும்பலகை அழிக்கச் சொன்னேன்; அவள் கையெழுத்தை எல்லார் முன்னிலையிலும் பாராட்டினேன். ஆசிரியர்கள் மன்னிப்புக் கேட்கும் முறை அப்படித்தான் இருக்கிறது. கேட்டதுபோலவும் இருக்கும், கேட்காததுபோலவும் இருக்கும்.

சொலோவேயின் குற்றத்தையும் பன்னிரண்டு வயதுப் பையனின் குறும்பையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். அவர் வளர்ந்தவர், பணத்துக்காகப் பல்லாண்டு செய்தவர், நீதிமன்றம் சொல்லியும் கேளாதவர். ஆனால் அவரைப் பற்றிப் படிக்கும்போது, பக்கத்துக்குப் பக்கம் அந்தப் பட்டம் வரும்போது, எழுதியவர்கள் அதனைச் சொல்வதில் அடைந்த சுவை எனக்குப் பழக்கமான சுவையாக இருந்தது. நீதிமன்றம் 47 மாதம் என்று எண்ணிச் சொன்னது. கண்காணிப்பு மூன்றாண்டு என்று எண்ணிச் சொன்னது. பட்டத்துக்கு மட்டும் எவரும் கெடு வைக்கவில்லை. அதை வைக்கும் அதிகாரி என்று ஒருவர் இல்லை. வைப்பதென்றால் கதை சொல்கிறவர்கள்தாம் வைக்க வேண்டும்.

அண்மையில் ஒரு சனிக்கிழமை சுங்கைப்பட்டாணியில் இரவுச் சந்தைக்குப் போயிருந்தேன். அப்பம் பாலிக் கடையின் முன் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"டீச்சர், நாளைக்கு ஸ்கூல் லீவா?"

திரும்பினேன். உயரமாய், தாடியோடு, தோளில் ஒரு கைக்குழந்தை. எனக்கு இரண்டு விநாடி பிடித்தது. பிறகு இருவரும் சிரித்தோம். நான் சற்றுக் கூடுதலாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன். பக்கத்தில் நின்ற அவன் மனைவி, "என்ன டீச்சர் கதை? எனக்கும் சொல்லுங்க" என்றார். அவன் உடனே குழந்தையின் தொப்பியைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டான். அவரிடம் சொல்லவில்லை என்பது புரிந்தது.

"நல்லாத் திருக்குறள் சொல்வாரு. மாவட்டப் போட்டிக்கெல்லாம் போயிருக்காரு" என்றேன். அதுவும் உண்மைதான்.

வேண்டாம் என்று சொன்னாலும் கேட்காமல் என் காய்கறிப் பைகளை வாங்கிக்கொண்டு மகிழுந்து வரை வந்தான். பின்கதவைத் திறந்து பைகளை வைத்துவிட்டு, மனைவி நிற்கும் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டான்.

"டீச்சர், அன்னிக்கு வேலைக்குப் போகாம ஒரு அம்மாவுக்குச் சம்பளம் போச்சே. அவங்க இப்போ எங்க இருக்காங்கன்னு தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. அவனுடைய பெயரை இத்தனை ஆண்டு நினைவில் வைத்திருந்த எனக்கு அந்த அம்மாவின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. பழைய வருகைப் பதிவேடுகளைப் பள்ளிச் சேமிப்பறையில் தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். பள்ளி திறந்ததும் முதல் வேலை அதுதான். சாவி அலுவலகத்தில் இருக்கிறது.